செபஸ்தியனின் அட்லஸ்

யோசெப்பின் அன்ரி புத்தகத்தைப் பிரவுண் தாளில் சுற்றி, தூறலுக்காக அதன்மேல் ஒரு வெள்ளைத் துவாயையும் போர்த்தி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசிகசாலைப் படியேறினார். அவருடைய தலை நனைந்திருந்தது. நான் வாங்கப் போனபோது தரவில்லை. டோரின் மிஸ் மேசையில் கிடந்த பத்திரிகைகளை ஒதுக்கி, ஈரம் இருக்கிறதா என்று பலகையைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் கீழே வைத்தார். தாளைப் பிரித்ததும் நீல மட்டை தெரிந்தது. உலக அட்லஸ். விரித்தால் பாதி மேசையைப் பிடிக்கும் அளவு. வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில், கப்பலில் போகிற பொடியன் ஒருவனுக்கு என்று சொல்லி வாங்கினாராம். எப்போது பயணம் என்று கடைக்காரர் கேட்டபோது தான் வாயே திறக்கவில்லை என்றார்.

அவருடைய மகன் செபஸ்தியன் துறைமுகத்தில் நாள்கூலிக்கு மூட்டை இறக்கியவன். கப்பலில் வேலை எடுத்துத் தூர தேசம் போகவேண்டும் என்று ஏஜென்சிக்காரர்களின் வாசல்களில் நின்றவன். அவன் ஏறிய கப்பல்கள் எல்லாம் கரையில் கட்டியிருந்தவைதான். அதில் ஒன்றின் சரக்கறைக்குள் விழுந்து இறந்தான்.

"எங்க வைப்பீங்க, மிஸ்?"

மிஸ் புவியியல் புத்தகங்கள் இருந்த அலுமாரியைக் காட்டினார். பெரிய புத்தகங்களுக்குக் கீழ்த்தட்டுத்தான் வசதி.

"கீழ வேண்டாம். அவன்ட உயரத்துக்கு வையுங்க."

மிஸ் நடுத்தட்டிலிருந்த புத்தகங்களை இறக்கச் சொன்னார். நான் இறக்கினேன். பிறகு அட்லஸின் உள்மட்டையில் நினைவுத்தாளை ஒட்டினேன். கறுப்புக் கரை, மேலே ஒரு சிலுவை, செபஸ்தியனின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். பசை காயும்வரை யோசெப்பின் அன்ரி போகவில்லை. காய்ந்த பிறகு விரலால் சிலுவையைத் தொட்டு அந்த விரலை முத்தமிட்டார்.

நினைவுப் புத்தகத் திட்டம் சவுந்தரநாயகம் அங்கிளுடையது. அவர் கப்பல் கம்பனியொன்றில் பிரதம கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாசிகசாலைக் கமிட்டியின் தலைவர். கமிட்டி என்றால் அவரும், டோரின் மிஸ்ஸும், கூட்டத்துக்கு வராத இன்னும் சிலரும். எங்கள் வாசிகசாலை கொட்டாஞ்சேனையில், மாதா கோவிலுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. கட்டடம் கொம்பனித்தெரு ஸஹாப்தீன் ஹாஜியாருடையது. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வாடகை இல்லாமல் விட்டிருந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கோவில் கொடுத்துவந்த உதவி கூரை வேலை தொடங்கியதும் நின்றது. அதே மாதம், தொண்ணூறாம் ஆண்டு ஜனவரியில், ஹாஜியாரும் வந்து, வாசலுக்கு நேரே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"மிஸ், வாப்பா செல்லிட்டுப் போன எடம் இது, எனக்குத் தெரியாம இல்ல. ஆனா என்ட மகன்மாருக்கு டைல்ஸ் அடுக்க ஸ்டோர் இல்ல. நாலு பென்சன்காரன் பேப்பர் பாத்துக் கொட்டாவி விடுறதுக்கு ஒரு ஹோலா எண்டு கேக்கிறானுகள். நான் என்ன செல்ற?"

"கொட்டாவி விடுறது நான் மட்டும்தான் ஹாஜியார்," என்றார் றேமண்ட் அங்கிள், பத்திரிகையை இறக்காமலே. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "மத்தவங்க நித்திரை."

ஹாஜியார் சிரித்தார். ஆனால் எழுந்து போகும்போது சொன்னதில் சிரிப்பு இல்லை. "ஆக்கள் வரோணும் மிஸ். வருஷம் முடியிறதுக்குள்ள காட்டுங்க. காட்டினா மகன்மாரோட நான் பேசிக்கிறேன்."

டோரின் மிஸ்ஸுக்கு அந்தக் கட்டடம் வேலையும் வீடும். பின்னறையில்தான் இருந்தார். ஆனால் அவர் பயந்தது அறைக்காக இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு பிரம்புக் கூடையில் புத்தகங்களை அடுக்கி, பிள்ளைகளை விட்டு வெளியே வரமுடியாத பெண்களுக்காக, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோவார். கூடையைப் பிடிக்க நான் போவேன். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருடம் அது. எழுந்து வாசி என்றால் எனக்குக் குரல் வராது. மிஸ் என்னிடம் குரலைக் கேட்கவில்லை. பசைப் போத்தலையும் கத்தரிக்கோலையும் தந்தார். எந்தக் கந்தோரில் எந்த சேர்ட்டிபிக்கட் எடுப்பது, தொழிற்சாலையில் சேமலாப நிதியைத் தராவிட்டால் யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் அந்தப் படிக்கட்டுகளில் நின்றே அவரிடம் கேட்பார்கள். தெரியாததை நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பதிலோடு போவார். கூடையில் எதுவும் திரும்பி வராமல் முழுக்க இரவல் போய்விட்டால் அன்றைக்கு எங்களுக்குப் பிளேன்ரீயோடு மீன் வைத்த மாலு பணிசும் உண்டு.

சவுந்தரநாயகம் அங்கிள் தன் திட்டத்தை டைப் அடித்துக்கொண்டு வந்தார். நோக்கம், தேவை, ஆதரவு தரக்கூடியோர் என்று தலைப்புகள் போட்டிருந்தார். கம்பனியில் இருந்த நாளில் அவர் இப்படித்தான் எழுதுவார் என்று மிஸ் சொன்னார்.

"டோரின், சப்போர்ட் எண்டது கேட்டு வாறதில்ல. சனத்துக்கு ஏற்கெனவே குடுக்கிற பழக்கம் ஒண்டு இருக்கும். நாங்க போய் அதுக்குள்ள நிக்கோணும். எங்கட ஆக்கள் கை நீட்டிக் குடுக்கிறது எப்ப? செத்தவைக்காக. முப்பத்தோராம் நாள் பூசை வச்சு, முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு அனுப்புதுகள். ஒரு நேரச் சோறு. அந்தியில முடிஞ்சிடும். அதோட ஒரு புத்தகமும் குடுக்கச் சொல்லுவம். உள்ளுக்குப் பேர் போட்டு ஒட்டுவம். காலத்துக்கும் நிக்கும்."

"செத்த வீட்டுக்குப் போய்க் கேக்கிறதா அண்ணை?"

"நாங்க ஏன் போறம்? பாதர் பூசையில சொல்லுவார்."

"அப்ப நான் செத்தா எனக்கு என்ன புத்தகம்?" என்றார் றேமண்ட் அங்கிள்.

"உனக்கு ரேஸ் பேப்பர்."

பாதர் சொன்னார். நினைவுத்தாள் அடிக்கச் சவுந்தரநாயகம் அங்கிள் ஜம்பட்டா வீதி அச்சகம் ஒன்றுக்குப் போனார். அங்கே மரண அறிவித்தலுக்கென்று கறுப்புக் கரையும் சிலுவையும் ஆயத்தமாகக் கோத்து வைத்திருந்தார்கள். அதையே போட்டுவிட்டார்கள். மிஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன அண்ணை, புத்தகமே செத்துப்போன மாதிரி."

"மரியாதையாத்தானே இருக்கு," என்றார் அங்கிள்.

உண்மையில் மரியாதையாகத்தான் இருந்தது. சனத்துக்குப் பிடித்துப்போயிற்று. புதிதாகச் செத்தவர்களுக்கு மட்டும் இல்லை, எப்போதோ போனவர்களுக்கும் புத்தகம் வந்தது. என்ன வாங்குவது என்று கேட்டவர்களுக்கு மிஸ் சொல்லிக்கொடுத்தார். தையல், பிள்ளை வளர்ப்பு, இங்கிலிஷ் இலக்கணம், மோட்டார் வயரிங், நாவல்கள். வாசிகசாலையில் புதுத்தாளின் மணம் அடித்தது. கூடை கனத்தது. மிஸ் வேலை செய்துகொண்டே தனக்குள் பாடுவதை அந்த மாதங்களில்தான் கேட்டேன். ஆட்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நவநாள் முடிந்து வருகிற பெண்கள், தங்கள் புத்தகம் நிற்கும் தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் புருஷனின் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக்கைக் கொண்டுவந்து, அவருடைய இலக்கணப் புத்தகத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். றேமண்ட் அங்கிள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்து அதைத் தின்றார்.

"அவன் உசிரோட இருக்கேக்குள்ளயும் எனக்குத்தான் தாறவன்," என்றார்.

நாங்கள் சிரித்தோம். வருகிற ஆட்கள் ஒருவரும் வாசிப்பதற்காகப் புத்தகத்தை எடுப்பதில்லை என்பதை மிஸ் கவனித்தாரோ தெரியாது. எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள், சனிக்கிழமைக் கூடையின் ஆட்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஓகஸ்டில் ஈராக் படைகள் குவைத்தைப் பிடித்துவிட்டன என்று செய்தி வந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த ஹபீலாவின் புருஷன் மஷூர் அங்கே டிரைவர். அடுத்த நாளே ஹபீலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பென்சன்காரர்களுக்கு நடுவில் நின்று எல்லாப் பத்திரிகையையும் வாசித்தார். அங்கே வேலைக்குப் போன நம்முடைய நாட்டு ஆட்கள் தரைவழியாக ஈராக்கைக் கடந்து ஜோர்தானுக்கு வருகிறார்கள் என்று போட்டிருந்தது.

"மிஸ், ஜோர்தான் எண்டா எவ்வளவு தூரம்? நடந்து வார தூரமா?"

மிஸ் அட்லஸை எடுத்து விரித்தார். ஹபீலா குவைத்தைக் கண்டதும், அவ்வளவு சின்னதா என்று வாயில் கை வைத்தார். பிறகு தினமும் வந்தார். பத்திரிகையில் ஒரு ஊர்ப்பெயர் வந்தால் அட்லஸில் அதைத் தேடுவார். எந்த ஊரில் தண்ணீர் இருக்கும், எது பாலைவனம் என்று மிஸ்ஸிடம் கேட்பார். வீட்டில் மாமியார் படுக்கையில் கிடந்தார், மகன் எங்கே நிற்கிறான் என்று கேட்டு அழுதபடி.

"வீட்ட கொண்டு போங்க ஹபீலா. மாமிக்கும் காட்டுங்க," என்றார் மிஸ். அவர் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை யோசெப்பின் அன்ரி வந்தார். தட்டின் முன்னால் நின்றார். இரண்டு புத்தகங்களுக்கு இடையில் அட்லஸின் தடிப்பளவுக்கு இருட்டு இருந்தது. அவர் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். பின்பலகையில் கை பட்ட சத்தம் கேட்டது.

"மிஸ், எங்க?"

"இரவல் போயிருக்கு. புதன்கிழமை வந்திடும்."

"ஆரிட்ட?"

மிஸ் சொன்னார். சொன்னதன் அர்த்தம் அவருக்கே அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். கடைசிச் சொல் வரும்போது குரல் இறங்கிவிட்டது.

"என்ட பிள்ளைய ஆரோ ஒரு வீட்டுக்குக் குடுத்தனீங்களா? என்னட்ட ஒரு சொல் கேக்காம?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. பென்சன்காரர்கள் பத்திரிகையை மடித்தார்கள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஓடினேன்.

ஹபீலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அட்லஸை மறுகைக்குள் இடுக்கிக்கொண்டு, முக்காடு நழுவ என் பின்னாலேயே ஓடிவந்தார். யோசெப்பின் அன்ரி புத்தகத்தை வாங்கித் தரையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அந்தத் தாள் வந்தது. குவைத்திலிருந்து பஸ்ராவுக்கும், அங்கிருந்து பக்தாத்துக்கும், பிறகு மேற்கே ஜோர்தான் எல்லையைத் தாண்டியும் பேனையால் ஒரு நீலக்கோடு. ஓரத்தில் மஞ்சள் படிந்த ஒரு விரலடையாளம்.

"இது என்ன?"

"மாமிக்குக் கண் தெரியிறது கொறவு அன்ரி. கீறிக் காட்டினாத்தான் வெளங்கும். இங்கால வாறாரு, இப்ப இங்க நிப்பாரு எண்டு…"

"உனக்கு உன்ட மனுசன் வருவான். எனக்கு இது ஒண்டுதான் வந்தது."

"வருவாரா எண்டு தெரியாமத்தான் அன்ரி கீறினேன்."

கீழே இறக்கிவிட்டிருந்த பிள்ளை அழத் தொடங்கியது. ஒருவரும் தூக்கவில்லை. யோசெப்பின் அன்ரி சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து அந்த மஞ்சள் அடையாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கதை ஒழுங்கைகளில் பரவியது. அடுத்த கிழமை ஒவ்வொருவராக வந்தார்கள். என்ட அவருடையதையும் குடுத்திருக்கிறீங்களா? தங்கச்சியின்ட தையல் புத்தகம் எங்க? ஒரு பெண் இரவல் போன நாவல் திரும்பிவரும்வரை அசையமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சவுந்தரநாயகம் அங்கிள் கூட்டம் கூட்டினார். இந்த முறை வராதவர்களும் வந்திருந்தார்கள்.

"நினைவுப் புத்தகங்கள் வெளிய போகக்கூடாது. இங்கயே இருந்து பாக்கலாம்," என்றார்.

"இப்ப இருக்கிறதில முக்கால்வாசி அதுதான் அண்ணை. பழசெல்லாம் கறையான் தின்டது."

"அதுக்கு என்ன செய்யிற?"

"வேலைக்குப் போற பெட்டைகள் எப்ப இங்க வந்து இருந்து பாக்கிற? கூடையில நான் எதைக் கொண்டு போற?"

"டோரின், ஹாஜியார் கேட்டது ஆக்கள். ஆக்கள் வருகினம். இப்ப இவையின்ட மனத்தை நோகடிச்சா நாளைக்குக் கதவைப் பூட்டோணும். நீங்க இருங்க, இதைப் பாத்துக்கொள்ளுங்க."

"எதைப் பாத்துக்கொள்ளுற?"

அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். திட்டத்தில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

மிஸ் தன் சொந்தப் புத்தகங்களைக் கூடையில் வைத்து இரண்டு மூன்று சனிக்கிழமை போனார். அவை இங்கிலிஷில் இருந்தன. பெண்கள் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை மிஸ் என்று திருப்பித் தந்தார்கள். பிறகு மழை தொடங்கியது.

நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் நாள். மாதம்பிட்டி மயானத்தில் பூசை முடிந்ததும் சனம் நேரே வாசிகசாலைக்கு வந்தது. அப்படி வரச்சொன்னது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த நாளில் ஹாஜியாரை வரச்சொன்னது சவுந்தரநாயகம் அங்கிள். ஆனால் அவர் வருவார் என்று அங்கிளே நம்பவில்லை. தமிழ் இயக்கக்காரர்கள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை உடுத்த உடையோடு விரட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்த கிழமை அது. ஹாஜியாரின் வீட்டிலும் மன்னாரிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்து இறங்கியிருந்ததாகக் கதைத்தார்கள். தமிழ்ச் சனத்துக்கு ஒரு கட்டடத்தை விடுவதற்கு ஏற்ற கிழமை இல்லை.

அவர் மூத்த மகன் பௌஸியோடு வந்தார். பௌஸி படியிலேயே நின்று, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுக்குப் பொறகுமா வாப்பா இவங்களுக்கு?" என்றார். ஹாஜியார் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் அப்போதுதான் அவருடைய கண்ணால் பார்த்தேன். எல்லா அலுமாரியும் திறந்திருந்தது. தட்டுகளில் புத்தகங்களின் முன்னால் செவ்வந்திப் பூக்கள். நெருப்புக் கொண்டுவரக்கூடாது என்று மிஸ் சொல்லியும் ஒருவர் சோசரில் மெழுகுதிரி ஏற்றியிருந்தார். வாசிக்கும் மேசைகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு புத்தகத்தை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு. ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

ஹாஜியார் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

"நீயும் கழட்டு," என்றார் மகனிடம்.

யோசெப்பின் அன்ரியின் முன்னால் போய் நின்று, "யாரு?" என்று கேட்டார். "மகன்," என்றார் அன்ரி. ஹாஜியார் தலையை ஆட்டினார். அடுத்தவரிடம் போனார். "யாரு?" இப்படியே ஒரு சுற்று வந்தார். திரும்பி வந்தபோது மிஸ் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஹாஜியார், நான் ஒண்டு சொல்லோணும். இதில ஒரு புத்தகமும் வெளிய போறதில்ல. ஆரும் வாசிக்கிறதில்ல. நீங்க கேட்டது இது இல்ல."

"டோரின்!" என்றார் சவுந்தரநாயகம் அங்கிள்.

ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். "நான் கேட்டது வேறதான் மிஸ். ஆனா இப்ப கண்டுட்டேனே. மௌத்தானவங்க ஈக்கிற எடத்தில டைல்ஸ் அடுக்க எனக்கு ஏலா. இந்தக் கிழமை எனக்கு அது ஏலவே ஏலா." பிறகு அலுமாரிகளைப் பார்த்து, "தூசி படுது. கண்ணாடி போடுறதுக்கு நான் ஆள் அனுப்புறேன்," என்றார்.

பெண்கள் அழுதார்கள். அங்கிள் ஹாஜியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அங்கிளும் அழுதார். வாசலில் பௌஸி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். மிஸ் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி போட்டார்கள். நல்ல கண்ணாடி, பித்தளைப் பூட்டு. சாவி மிஸ்ஸிடம் இருந்தது. றேமண்ட் அங்கிள் வருவதை நிறுத்திவிட்டு முனைத் தேத்தண்ணிக் கடையில் பத்திரிகை பார்த்தார். "அங்க இருமினாலும் செத்தவைக்கு நோகும் போல இருக்கு," என்றார். வெள்ளிக்கிழமைகளில் யோசெப்பின் அன்ரி வந்து சாவி கேட்பார். அட்லஸோடு மூலை மேசைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி, அதன்மேல் நெடுநேரம் குனிந்திருப்பார். தோள் மட்டும் மெல்ல அசையும். ஜெபிக்கிறார் என்று நினைத்தோம்.

அப்படியான ஒரு வெள்ளிக்கிழமைதான் ஹபீலா வந்தார். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. மெலிந்திருந்தார். வாசலில் பழைய செருப்பைக் கழற்றினார். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

"மிஸ், ஜோர்தான்ல அம்மான் எண்ட ஊர்ல இருந்து பிளேன்ல வந்த ஒருத்தர் இவரக் கண்டிருக்கார். எல்லையில, ருவைஷெத் எண்டு ஒரு எடத்திலயாம். சொகமில்லாமப் படுத்திருந்தாராம். அதுக்குப் பொறகு காணல்லயாம். மாமி கேக்கிறா, அது ஜோர்தானுக்கு உள்ளுக்கா வெளியவா எண்டு. உள்ளுக்கு எண்டா வந்திடுவாரு தானே? எனக்கு நெனவில்ல. ஒருக்காப் பாக்கட்டா?"

மிஸ் மூலை மேசையைப் பார்த்தார். யோசெப்பின் அன்ரி திரும்பாமலே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கடைசியில் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தார். தானே அந்தத் தாளை விரித்தார். ஹபீலா கையை நீட்டியதும், தாளின் ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டார்.

"தொடாமப் பாரு."

ஹபீலா சரி என்று தலையசைத்தார். விரலைத் தாளுக்கு மேலே, ஒரு நெல்மணி இடைவெளியில் பிடித்துக்கொண்டார். குவைத்திலிருந்து தொடங்கினார். விரல் பஸ்ராவுக்குப் போகும் இடத்தில் தயங்கியது. நானும் மிஸ்ஸும் குனிந்தோம். நீலக்கோடு இல்லை. கோடு போன வழியெல்லாம் தாள் வெளுத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்து, அது போதாமல் பிளேடால் சுரண்டி, கிழமை கிழமையாகச் செய்த வேலை. கோட்டோடு பாலைவனத்தின் நிறமும் போயிருந்தது. ஊர்ப்பெயர்கள் போயிருந்தன. மேற்கே எல்லை இருக்கவேண்டிய இடத்தில் தாள் மிக மெல்லியதாகி, அடுத்த பக்கத்துக் கடல் மங்கலாகத் தெரிந்தது.

"சுத்தமாக்கினனான்," என்றார் யோசெப்பின் அன்ரி.

மிஸ்ஸின் கையில் சாவி இருந்தது. ஹபீலாவின் விரல் அந்த வெள்ளைப் பாதையின் மேல், தொடாமல், கடைசிவரை போய் நின்றது. பிறகு அவர் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முகத்தைத் தாழ்த்தி, தூசியை அகற்றுவதுபோல அந்த இடத்தில் மெல்ல ஊதினார். தாளின் நுண்ணிய மயிர்கள் எழும்பிப் படிந்தன. அவர் மறுபடியும் ஊதினார்.